வாரக் கணக்கும் நாள் கணக்கும்

ஸ்கேன் அறிக்கையில் நான் எழுதுவது வாரக் கணக்கு. அதைப் பார்த்துவிட்டு ஆலிம்கள் கேட்பது நாள் கணக்கு. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. மருத்துவத்தில் கர்ப்பத்தின் வயதைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். கரு தரிப்பது அதற்குச் சுமார் 14 நாள் கழித்து. ஆகவே 19 வாரம் 1 நாள் என்று நான் எழுதினால் அது 134 நாள்; 14-ஐக் கழித்தால் 120. ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு அந்த 120-க்கு முன்னால் இருக்கும் வழி வேறு, பின்னால் இருக்கும் வழி வேறு. கருவில் குறை இருக்கிறதா என்று முழுமையாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேனையோ ஊரெல்லாம் 18-லிருந்து 20 வாரத்துக்குள், சில இடங்களில் 22 வாரம் வரைகூட எடுக்கிறார்கள். கோடு சரியாக அதற்கு நடுவில் போகிறது.

கருவில் இருக்கும் குழந்தையை ஸ்கேன் செய்து பார்ப்பதே என் தொழில். திருச்சியில் இருக்கிறேன். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கீழக்கரை என்று கடலோரத்திலிருந்து வருகிற முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்ட மரபு). புதுக்கோட்டை, திண்டுக்கல், திருச்சிப் பக்கத்து ராவுத்தர் வீடுகள் ஹனஃபி. இரு தரப்பாரும் என் அறை வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் ராவுத்தர் வீட்டுப் பெண்தான். வயிற்றுப் பிள்ளையைக் கலைப்பது ஹராம் என்ற ஒரு வரிக்கு மேல் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கல்லூரியில் சட்டத்தைச் சொல்லித் தந்தார்கள். தீனைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை. ஆனால் மானிட்டரைத் திருப்பிக் காட்டி ஒரு தாயிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் வாயில் வரும் முதல் கேள்விகளில் ஒன்று, "இதுக்கு மார்க்கத்துல என்ன டாக்டர் சொல்லியிருக்கு?" என்பதுதான்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் மதரஸாவில் வெகுகாலம் ஃபிக்ஹுப் பாடம் நடத்திய ஒரு ஹஜ்ரத். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அவரிடம் ஃபத்வா கேட்கப் போயிருந்தது. அவர் என் அறிக்கையிலிருந்த எண்ணைப் பார்த்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மகளே, தீர்ப்பு சொல்றது எங்க வேலை. ஆனா கிதாபு பார்க்குறதுக்கு முன்னாடி நீ எனக்கு மூணு விஷயம் சொல்லணும். கரு தரிச்சு எத்தனை நாள்? இந்தக் குறைக்கு மருந்து உண்டா, இல்லையா? தாயோட உசுருக்கு ஆபத்து இருக்கா?" அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அவர் உயிரோடிருந்த வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை.

120 நாள் என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸிலிருந்து வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தாய் வயிற்றில் 40 நாள் துளியாகவும், அதே அளவு காலம் கருக்கட்டியாகவும், அதே அளவு காலம் தசைப்பிண்டமாகவும் இருந்தபின் மலக்கு (வானவர்) அனுப்பப்பட்டு ரூஹ் (உயிர்) ஊதப்படுகிறது என்பது அதன் சாரம். ஹுதைஃபா இப்னு அஸீத் (ரலி) வழியாக முஸ்லிமில் வரும் இன்னொரு ஹதீஸ், 42 இரவுகள் கழிந்ததும் மலக்கு வந்து உருவம் கொடுப்பதைச் சொல்கிறது. 40 நாளோடு கதவைச் சாத்துகிறவர்கள் இதையும் ஆதாரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

ரூஹ் ஊதப்பட்டபின் கலைப்பது ஓர் உயிரைக் கொல்வது என்பதில் நான்கு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம் அதற்கு முந்தைய காலத்தைப் பற்றித்தான். மாலிகி அறிஞர்களில் பெரும்பாலோர் கரு தரித்த கணத்திலிருந்தே தடுக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கருத்தடையை ஒரு தட்டிலும் கலைப்பதை வேறொரு தட்டிலும் வைத்தார். கரு வளர வளரக் குற்றத்தின் கனமும் கூடுகிறது என்றார். ஷாஃபி மத்ஹபின் பிற்கால இமாம்களில் இப்னு ஹஜர் ஹைதமி கடுமையான பக்கம் சாய்ந்தார். ரம்லி ரூஹுக்கு முந்தைய காலத்தில் கொஞ்சம் இளக்கம் காட்டினார். ஹனஃபிகள் தக்க காரணம் இருந்தால் 120 நாளுக்குள் இடம் உண்டு என்கிறார்கள்.

அந்தத் தக்க காரணத்துக்கு அவர்கள் காட்டும் உதாரணத்தை ஹஜ்ரத் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1836-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு ஆபிதீன் தன் பெரிய நூலில் அதை எடுத்து எழுதியிருக்கிறார். கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கிறது, தாய் மறுபடி உண்டாகிவிட்டாள், பால் வற்றிவிட்டது, செவிலித்தாயை வைத்துக்கொள்ளத் தகப்பனிடம் காசில்லை, பிள்ளை செத்துப்போகும் என்ற பயம். பழைய ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு வீட்டுக்குள் போய், அடுப்படியில் நின்று, அந்தத் தாயின் நெஞ்சு வற்றியதுவரை பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். ஸ்கேன் அவர்களிடம் இல்லை. கருவுக்குள் இருக்கும் நோயைப் பற்றி அவர்கள் பேச வழியும் இல்லை.

அதைப் பேசியது நம் காலம். 1990 பிப்ரவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் (உலக முஸ்லிம் லீக்) ஃபிக்ஹு மன்றம் இதற்கென்றே ஒரு தீர்மானம் போட்டது. 120 நாள் ஆகிவிட்டால் குழந்தை குறையோடு இருந்தாலும் கலைக்கக் கூடாது. தாயின் உயிருக்கே உறுதியான ஆபத்து என்று மருத்துவர் குழு சொன்னால் மட்டும் விதிவிலக்கு. 120 நாள் ஆகவில்லையென்றால், நம்பிக்கைக்குரிய சிறப்பு மருத்துவர்களின் குழு பரிசோதனைகள் செய்து, குறை கடுமையானது, மருந்தில்லாதது, குழந்தை பிறந்தால் அதற்கும் குடும்பத்துக்கும் வாழ்வு வேதனையாகவே இருக்கும் என்று உறுதிப்படுத்தினால், பெற்றோர் கேட்டுக்கொள்ளும் நிலையில் அனுமதிக்கலாம். ஈரானில் 2005-இல் வந்த சட்டமும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் நின்றது: நான்கு மாதத்துக்குள், மூன்று சிறப்பு மருத்துவர்களின் சான்றோடு. ஷியா, சுன்னி என்று வழி வேறானாலும் ரூஹின் கணக்கு இரண்டு இடத்திலும் ஆளுகிறது.

ராபிதாவின் தீர்மானத்தை நான் படித்த விதத்தில் ஒன்று மனதில் ஆழமாக இறங்கியது. ஃபத்வாவின் பாதிச் சுமை என் தலையில் இருக்கிறது. கடுமையானதா, மருந்து உண்டா, எத்தனை நாள் என்ற மூன்றையும் ஆலிம் என் தாளிலிருந்துதான் எடுக்கிறார். நான் எழுதும் ஒரு சொல் தளர்ந்தால் அங்கே ஒரு தீர்ப்பு சாய்ந்துவிடும். அதனால் என் அறிக்கையோடு தமிழில் தனியாக ஒரு கடிதம் கொடுக்கத் தொடங்கினேன். முதல் வரியில் கரு தரித்து எத்தனை நாள் என்று இருக்கும். அதைக் கடைசி மாதவிடாயை வைத்துச் சொல்வதில்லை. மாதவிடாய் முறை தவறி வருகிறவர்களுக்கு அந்தத் தேதி பத்து நாள்கூடத் தள்ளிப்போகும். 11-லிருந்து 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் தலையிலிருந்து பிட்டம் வரை குழந்தையின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்திருப்பார்கள். வயதைக் கணிக்க அதைவிட நம்பகமானது வேறில்லை. அந்த அளவிலிருந்து பின்னால் எண்ணி, 14 கழித்து எழுதுவேன். பிறகு குறை என்ன, அது உயிர் பிழைக்கக்கூடியதா, அறுவை சிகிச்சையில் சரியாகுமா, தாய்க்கு என்ன ஆபத்து, எவ்வளவு ஆபத்து.

கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஸ்கேனைச் சொல்கிறேன். முதல் பிள்ளை. 12 வாரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. 17 வாரம் 3 நாளில், வயிறு வளரவில்லை என்று உள்ளூர் டாக்டர் அனுப்பியிருந்தார். புரோபை வைத்ததுமே படம் மங்கலாக இருந்தது. குழந்தையைச் சுற்றி நீர் இல்லை. கை, கால், முகம் எல்லாம் கருப்பைச் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. 16 வாரம் வரைக்கும் பனிக்குட நீர் பெரும்பாலும் வேறு வழியில் ஊறுகிறது; அதற்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீர்தான். சிறுநீரகம் உருவாகாத குழந்தையின் குறை அதுவரை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்து, அந்த வாரத்தில் நீர் வற்றிக் காட்டிக்கொடுக்கும்.

முதுகெலும்புக்கு இரு பக்கமும் தேடினேன். சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் அட்ரீனல் சுரப்பி மட்டும் நீளமாகப் படுத்துக் கிடந்தது. தாங்கிப் பிடிக்கச் சிறுநீரகம் இல்லாவிட்டால் அது அப்படித்தான் தட்டையாகச் சாயும். கலர் டாப்ளரைப் போட்டேன். நடுவில் பெரிய ரத்தக்குழாய் சிவப்பாக இறங்கியது. இரு பக்கமும் கிளை பிரியவில்லை. மூத்திரப்பை நிரம்புகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். நிரம்பவில்லை. நீர் இல்லாமல் நுரையீரல் வளராது. பிறந்தால் மூச்சு விட முடியாது. இதயம் மட்டும் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.

122 நாள், அதில் 14 போக 108. எங்களுக்கு 12 நாள் இருந்தது.

அந்தப் பெண்ணின் உம்மாவையும் மாமியையும் வெளியே உட்காரவைத்துவிட்டு முதலில் அவளிடம் தனியாகப் பேசினேன். இது என் வழக்கம். கலைப்பதற்கு 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்கிறது இந்தியச் சட்டம். ராபிதாவின் தீர்மானம் பெற்றோர் இருவரின் வேண்டுகோளைச் சொல்கிறது. எப்படிப் பார்த்தாலும் அவள் வாய் திறக்காமல் ஒன்றும் நடக்கக் கூடாது. பிறகு துபாயிலிருந்த கணவர் வீடியோவில் வந்தார். வேலைக்கு நடுவில், தலையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு, "டாக்டர், வேற ஒருத்தர்கிட்டயும் காட்டலாமா?" என்று கேட்டார். நிச்சயமாகக் காட்ட வேண்டும் என்றேன். அன்று மாலையே என்னோடு தொடர்பில்லாத இன்னொரு நிபுணர் பார்த்து அதையே எழுதினார். குழந்தைகளுக்கான சிறுநீரக மருத்துவர் ஒருவரும் பேசினார். குழு என்று தீர்மானம் சொல்வது பேருக்காக இல்லை. ஒருவர் கண் தவறலாம்.

அவர்களுடைய ஊர் ஆலிம்சா ஷாஃபி மத்ஹபில் ஊறியவர். எளிதில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. என் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை அழைத்து, டயாலிசிஸ் செய்ய முடியாதா, மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாதா என்று துருவித் துருவிக் கேட்டார். நுரையீரலே வளராத குழந்தைக்கு அது எதுவும் உதவாது என்று விளக்கினேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். வேறு உலமாக்களோடும் கலந்தார். பிறகு அந்தப் பெண்ணின் வாப்பாவை அழைத்து, அவர்கள் விரும்பினால் குற்றமில்லை, விரும்பாமல் சுமந்தாலும் அல்லாஹ்விடம் அதற்குக் கூலி உண்டு, யாரும் அவளை நெருக்கக் கூடாது என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். அவள் யோசித்து முடிவு எடுத்தாள். 20 வாரத்துக்குள் என்பதால் சட்டப்படி ஒரு மருத்துவரின் கருத்தே போதுமானதாக இருந்தது. மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள்.

வெளியே யாருக்கும் தெரியாத ஒரு சிக்கல் இந்த இடத்தில் வரும். உயிர் பிழைக்கும் வயதை எட்டாத சிசுவை 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் உடல் உறுப்புக் கழிவோடு சேர்க்கின்றன. அதற்கு மஞ்சள் பை. மனித உருவம் தெரியும் சிசுவைக் கழுவி, துணியில் சுற்றி, அடக்கம் செய்ய வேண்டும் என்பது எங்கள் முறை. பிரசவ அறையில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு இது தெரியாமல் போனால், காலையில் குடும்பம் கேட்கும்போது பை போயிருக்கும். ஆகவே அனுமதிக்கும்போதே எழுத்தில் கேட்டு, கேஸ் ஷீட்டின் மேலேயே பெரிதாக எழுதிவைக்கச் சொல்கிறேன். அந்தக் குழந்தையை அதன் பாட்டனார் இரு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டு போனார்.

பின்னர் அந்தப் பெண்ணுக்கும் கணவருக்கும் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்தோம். இரு சிறுநீரகமும் இல்லாத குழந்தை பிறந்த வீட்டில் இதைச் செய்ய வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குத் தெரியாமலே ஒற்றைச் சிறுநீரகம் இருக்கலாம். அது குடும்பத்தில் இறங்கி வரும். இவர்கள் இருவருக்கும் இரண்டும் இருந்தன. மாமி என்னிடம் வந்து, "இவ நோம்புல பேரீச்சம்பழம் நிறையத் தின்னா, அதனாலயா?" என்று கேட்டார். இல்லை என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னேன். சொந்தத்தில் கட்டியதைப் பற்றியும் அப்படித்தான் குசுகுசுப்பார்கள். சொந்தத்தில் கட்டிய இருவரும் ஒரே நோயின் மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அந்த நோய்க்கு உண்டு. அது பெண்ணின் குற்றம் ஆகாது. தமிழ்நாட்டில் எந்த மதத்துக்காரருக்கும் இது புதிதல்ல.

இனி 120-க்கு அந்தப் பக்கம்.

ராவுத்தர் குடும்பம் ஒன்று 22 வாரத்தில் வந்தது. அதற்கு முன் ஸ்கேனே எடுத்ததில்லை. குழந்தைக்கு மண்டையோட்டின் மேல்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவில்லை. இதை 12, 13 வாரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். நெற்றிக்கு மேல் எலும்பு இல்லாதது அப்போதே தெரியும். அப்போது வந்திருந்தால் 80 நாள்கூட ஆகியிருக்காது. இப்போது 140 தாண்டிவிட்டது. சட்டம் இன்னும் இடம் தருகிறது. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021-இல் திருத்தினார்கள். 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள், அதற்கு மேல் போனாலும் கடுமையான குறை என்று மாநில மருத்துவ வாரியம் கண்டால் கால வரம்பே இல்லை. அந்தப் பெண்ணின் முன் சட்டம் திறந்து வைத்த கதவு இருந்தது. அவளுடைய தீன் அதை மூடியிருந்தது.

அவளுடைய சின்னத்தா என்னைத் தனியே கூப்பிட்டார். "தாயோட உசுருக்கு ஆபத்துன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். எங்க ஹஜ்ரத் ஒத்துக்குவாரு. பாவம், சின்னப் பொண்ணு." இந்த வேண்டுகோள் பல தடவை வந்திருக்கிறது, கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. பனிக்குட நீர் அதிகமாகலாம், வலி தானாக வராமல் நாள் கடக்கலாம், தோள் சிக்கலாம். இவை உண்மையான சிரமங்கள், கண்காணித்துச் சமாளிக்கக்கூடியவை. உயிருக்கு ஆபத்து என்று எழுதினால் அது பொய். அந்தப் பொய்யின் மேல் ஒரு ஃபத்வா நிற்கும், அந்த ஃபத்வாவின் மேல் அந்தப் பெண் ஆயுள் முழுக்க நிற்க வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினேன். சட்டம் தரும் உரிமையையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன். அவள் கணவரைப் பார்த்தாள். "வச்சுக்கலாம் மச்சான்," என்றாள்.

என் சக மருத்துவர்களில் சிலர் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். பிழைக்காத குழந்தையை ஏன் நாலு மாசம் சுமக்கவைக்கிறீர்கள், மதத்தை உள்ளே விடலாமா என்பார்கள். நான் யாரையும் சுமக்கவைக்கவில்லை. அதே நிலையில், நாள் கடந்த பிறகும் முடித்துக்கொண்ட முஸ்லிம் பெண்களும் என்னிடம் உண்டு. அவர்களை அனுப்பும்போது ஒரு வார்த்தை கூடுதலாகவோ குறைவாகவோ பேசியதில்லை. அது அவர்களுக்கும் அவர்கள் ரப்புக்கும் இடையிலானது. ஆனால் சுமக்க முடிவெடுத்தவளை மூட நம்பிக்கைக்காரியாகப் பார்த்து, அடுத்த செக்கப்புக்கு நேரம் ஒதுக்காமல் விடுவது மருத்துவமே இல்லை. மறுபக்கம், எந்த வாரமும் கேட்காமல், கடிதமும் படிக்காமல், "எல்லாம் ஹராம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் உஸ்தாதுகளும் இருக்கிறார்கள். பெரிய இமாம்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய விஷயத்தில் அந்த அவசரம் எனக்கு வலிக்கிறது.

சுமப்பவளுக்கு நிறைய வேலை இருக்கிறது. பிறக்கும்போது யார் பக்கத்தில் இருப்பது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவதா வேண்டாமா, குழந்தையை உடனே தாயின் நெஞ்சில் வைப்பதா, காதில் பாங்கு சொல்வது யார் என்று ஒரு தாளில் எழுதி, பிரசவ அறைக்கும் குழந்தைகள் நலப் பிரிவுக்கும் கொடுத்துவிடுவோம். அந்தப் பெண் என்னிடம் ஆணா பெண்ணா என்று கேட்டாள். பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நான் சொல்லக் கூடாது, சொல்லவுமில்லை. அவள் தங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறாள். ஆணா பெண்ணா என்று தெரியாத சிசுவுக்கு இருபாலாருக்கும் பொருந்தும் பெயர் வைக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். "நூர்" என்று வைத்தாள். அதிலிருந்து செக்கப்புக்கு வரும்போதெல்லாம், "நூர் நேத்து ராத்திரி உதைச்சுச்சு டாக்டர்," என்று பேச்சைத் தொடங்குவாள்.

நூர் உயிரோடு பிறந்தது. அழுதது. அழுததால் எல்லாம் ஆயிற்று: பாங்கு, குளிப்பாட்டல், கபன், ஜனாஸாத் தொழுகை. உயிரில்லாமல் பிறந்திருந்தால் குளிப்பாட்டி, துணி சுற்றி, அடக்கியிருப்பார்கள்; ஹனஃபியிலும் ஷாஃபியிலும் தொழுகை இருந்திருக்காது, ஹன்பலியில் நான்கு மாதம் கடந்ததற்குத் தொழுகை உண்டு. தலையில் தொப்பி போட்டு, முகம் மட்டும் தெரியும்படி அவளிடம் கொடுத்த செவிலியர் ஒரு கிறிஸ்தவப் பெண். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கட்டிலை விட்டு அவர் நகரவில்லை.

எல்லா ஊரிலும் பெண்ணுக்கு இரண்டு வழி இருப்பதில்லை. கிழக்கிலங்கையிலிருந்து இரண்டாவது கருத்து கேட்டு வந்த ஒரு குடும்பத்துக்கு, இந்த 120 நாள் பேச்சே தேவைப்படவில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டம் 1883-இலிருந்து தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே இடம் தருகிறது. குறையுள்ள கருவுக்கும் இடம் கேட்டு அங்கே முயற்சிகள் நடந்து, மதத் தலைவர்களின் எதிர்ப்பில் நின்றுபோயின. மக்காவின் தீர்மானம் இடம் தந்ததை அந்த ஊர்ச் சட்டம் தரவில்லை.

டவுன் சிண்ட்ரோம் விஷயத்தில் என் நிலை வேறு. சட்டம் அதற்கு வழி விடுகிறது. குடும்பங்கள் பயந்துபோய் வருகின்றன. ஆனால் மருந்தில்லாத கடும் வேதனை என்று தீர்மானம் சொல்லும் இடத்தில் அதை வைக்க என் பேனா ஓடுவதில்லை. அந்தக் குழந்தைகள் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள். கடிதத்தில் அதையும் எழுதுகிறேன். நான் பேசிய ஆலிம்களில் பலர் அதைப் படித்துவிட்டு அனுமதி தர மறுத்திருக்கிறார்கள். பிளவுபட்ட உதடு, திரும்பிய பாதம் என்று வந்து கலைக்கக் கேட்பவர்களிடம் அறுவை சிகிச்சை நிபுணரின் முகவரிதான் கொடுப்பேன்.

மகப்பேறு மருத்துவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 12 வார ஸ்கேனை யாருக்கும் தவறவிடாதீர்கள். முன்பு குறையுள்ள பிள்ளை பிறந்த வீடு, சொந்தத்தில் கட்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ள தாய் என்றால் 16 வாரத்தில் ஒருமுறை அனுப்புங்கள். பெரிய குறைகளில் பல அப்போதே தெரியும். குரோமோசோம் சந்தேகம் என்றால் பனிக்குட நீர் எடுக்க 16 வாரம்வரை காத்திருந்து, வளர்ப்புச் சோதனைக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் போனால் 120 நாள் நெருங்கிவிடும். நஞ்சுத் திசுவை 11-லிருந்து 13 வாரத்தில் எடுக்கலாம்; இரண்டு மூன்று நாளில் முடிவு சொல்லும் விரைவுச் சோதனையும் இருக்கிறது. தலசீமியா வீடுகளுக்கு இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் மதரஸாக்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். ஃபோலிக் அமில மாத்திரையிலிருந்து ஆரம்பிப்பேன்: உண்டாவதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம், மூளை, தண்டுவடக் குறையோடு பிள்ளை பிறந்த வீடென்றால் அதைப்போல் பத்து மடங்கு, மருத்துவர் எழுதித் தந்தபடி. 1991-இல் வெளிவந்த ஆய்வு, அந்தக் கூடுதல் அளவு அப்படிப்பட்ட குறை மறுபடி வருவதை நாலில் மூன்று பங்கு அளவுக்குக் குறைத்ததைக் காட்டியது. பிறகு கரும்பலகையில் 134-இலிருந்து 14-ஐக் கழித்துக் காட்டுவேன்.

போன முறை ஒரு இளம்பெண் எழுந்து கேட்டாள்: "ராத்தா, 120 நாளுக்குள்ள எல்லாக் குறையும் தெரிஞ்சிடுமா?" தெரியாது. மூளையின் இரு பாதியையும் இணைக்கும் பாலம் இல்லாததை அதற்குள் உறுதியாகச் சொல்ல முடியாது. தலை சிறுத்துப்போவது ஏழாம் மாதத்தில்கூடத்தான் தெரியவரும். சில இதயக் குறைகள் மெல்ல மெல்ல முற்றும். எவ்வளவு சீக்கிரம் பார்த்தாலும் சில வீடுகள் அந்தப் பக்கம்தான் போய் நிற்கும். அதனால் பிரசவ அறைக்குக் கொடுக்கும் அந்தத் தாளின் நகல்களையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். வரிசையாகப் படித்துக் காட்டினேன். டியூப் பற்றிய வரி வந்ததும் பலர் கை தூக்கினார்கள். மீதி நேரம் அதற்கே சரியாகப் போயிற்று.